இழை வழி வைத்தியம் – 11: வயிற்றுக்குள் இறங்கிய குழாய்

சென்ற வாரம் வெர்னர் போர்ஸ்மானை எக்ஸ்றே அறையில் விட்டுவிட்டு வந்தோம். 1929இல் ஜேர்மனியின் எபர்ஸ்வால்ட் நகரத்து வைத்தியசாலையில், சிறுநீர்ப் பாதைக்கென்று செய்த மெல்லிய கதீட்டரைத் தன் கை நாளத்துக்குள் 65 சென்ரிமீற்றர் செலுத்தினார் அவர். பிறகு படியிறங்கிப் போய், குழாயின் நுனி இதயத்தில் நிற்பதைப் படமாகவும் எடுத்தார். அன்று கிடைத்தது ஏச்சு. நோபல் பரிசு வந்து சேர 27 வருடங்கள் ஆயின.

இதயம்வரை போன குழாய் வயிற்றுக்கு வந்தது எப்படி என்பதுதான் இந்த வாரக் கதை. கேட்கச் சின்னக் கேள்வி. விடை கிடைக்கக் கால் நூற்றாண்டு பிடித்தது.

காரணம் உடம்பின் அமைப்பிலேயே இருக்கிறது. நாளத்தில் இரத்தம் இதயத்தை நோக்கி மெதுவாக ஓடும். அதில் குழாயை விட்டால் ஓட்டத்தோடு சேர்ந்து இதயத்துக்குப் போய்விடும். இரைப்பைக்கும் குடலுக்கும் இரத்தம் கொண்டுபோவது நாடி. அதில் அழுத்தம் அதிகம். துளை போட்டால் பீறிட்டு அடிக்கும். பெருநாடியிலிருந்து வயிற்றுக்குப் பிரியும் முக்கிய கிளைகள் மூன்று. முதலாவது இரைப்பை, ஈரல், மண்ணீரல் பக்கம் போகும். இரண்டாவது சிறுகுடலுக்கும் பெருங்குடலின் முன்பாதிக்கும் போகும். மூன்றாவது பெருங்குடலின் கடைசிப் பகுதிக்குப் போகும். மூன்றும் முதுகெலும்பை ஒட்டி, வயிற்றின் ஆக உள்ளே கிடக்கின்றன. வெளியில் நிற்கும் டொக்டர் கண்ணால் பார்க்காமல் அந்தக் கிளைகளில் ஒன்றின் வாயைக் கண்டுபிடித்து, குழாயை அதற்குள் திருப்பிவிட வேண்டும்.

அந்த வழி திறக்காத காலத்தில், வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் இரண்டே வைத்தியம்: இரத்தம் ஏற்றுவது, வயிற்றைத் திறப்பது. திறந்த பிறகும் கசியும் இடம் தெரியாமல், இருக்கும் என்று நினைத்த பகுதியை அறுத்தெடுத்த சத்திரசிகிச்சைகள் ஏராளம். நோயாளி பிழைத்தால் அல்லாஹ்வின் அருள் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

நெய்யப்பட்ட குழாய்

மருதமுனையில் பிறந்தவர்களுக்கு இந்தக் கதையில் ஒரு தனி உரிமை உண்டு. நம்முடைய ஊரின் பேர் தறியோடு சேர்ந்தது. சாறனும் சேலையும் நெய்த கைகள்தான் இந்த ஊரைக் கட்டின. கதீட்டரின் கதையும் நெசவோடு சேர்ந்ததுதான்.

இந்தத் தொடரின் தொடக்கத்தில் இப்னு ஸீனாவைப் பார்த்தோம். சிறுநீர் அடைப்புக்கு மிருதுவான, வளையக்கூடிய குழாயே நல்லது என்று அவர் எழுதினார். தோலால் அதைச் செய்யும் விதத்தையும் சொன்னார். ஆனால் அவருக்குப் பிறகும் பல நூற்றாண்டுகள் வெள்ளியும் பித்தளையும்தான் புழக்கத்தில் இருந்தன. உலோகக் குழாய் வளையாது, உடம்பைத்தான் வளைக்கும். 1779இல் பாரிஸில் பெர்னார் என்ற பொற்கொல்லர் வேறொரு வழி கண்டார். பட்டு நூலைக் குழாய் வடிவில் நெய்து, அதன்மேல் இறப்பர்ப் பாலைப் பூசினார். நூல் குழாய்க்கு உறுதி தந்தது, இறப்பர் நீர் புகாமல் காத்தது. மருத்துவர் கேட்டதைக் கைவினைஞர் செய்து கொடுத்தார்.

அந்த முறை நெடுங்காலம் நீடித்தது. 1940களில் நியூயோர்க்கில் கூர்நான்டும் றிச்சர்ட்ஸும் இதயத்தை அளக்கப் பயன்படுத்திய கதீட்டர்களும் நெய்து, மேலே பூச்சுப் பூசியவைதான். இன்று கதிரியல் அறையில் பையைக் கிழித்து எடுக்கும் குழாயை நீளவாட்டில் பிளந்தால் மூன்று அடுக்குகள் தெரியும். உட்புறம் வழுக்கும் டெஃப்லோன், வெளிப்புறம் நைலோன் அல்லது பொலியூரித்தேன். இரண்டுக்கும் நடுவில் மயிரிழை போன்ற எஃகுக் கம்பிகளால் பின்னிய வலை. அந்தப் பின்னல் இல்லாவிட்டால், தொடையில் நின்று டொக்டர் திருப்பும் திருப்பு 60, 70 சென்ரிமீற்றருக்கு அப்பால் உள்ள நுனிக்குப் போய்ச் சேராது. குழாய் நடுவில் முறுகி நின்றுவிடும். இழை தளர்ந்தால் துணி கெடும் என்பதை இந்த ஊரில் யாருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

குழாயின் பருமனை அளக்கும் அளவுகோலும் ஒரு கருவி செய்பவரின் பெயரிலேயே இருக்கிறது. பாரிஸில் மருத்துவக் கருவிகள் செய்த ஷாரியேர் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த கணக்கு அது. ஒரு 'ஃபிரெஞ்ச்' என்றால் விட்டத்தில் மூன்றிலொரு மில்லிமீற்றர். வயிற்று நாடிகளுக்குப் பொதுவாகப் போகும் 5 ஃபிரெஞ்ச் குழாய் 2 மில்லிமீற்றரை விடவும் மெல்லியது.

ஊசி, கம்பி, குழாய்

நெய்த குழாய் இருந்தும், அதை நாடிக்குள் விடத் தோலை வெட்டி நாடியை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அல்லது குழாயையே உள்ளே நுழைக்குமளவு தடித்த ஊசியால் குத்த வேண்டியிருந்தது. இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஸ்வென்-ஐவர் செல்டிங்கர். 1921இல் சுவீடனின் மோரா என்ற ஊரில் பிறந்து, ஸ்டொக்ஹோமின் கரோலின்ஸ்கா வைத்தியசாலையில் கதிரியல் பயின்றுகொண்டிருந்தவர்.

முதலில் வேறொரு முறையைச் செய்துபார்த்துத் தோற்றிருந்தார். கையில் ஊசி, கம்பி, குழாய் மூன்றும் இருந்தன. எதை எதற்கு முன் விடுவது என்ற ஒழுங்கு அந்த நேரத்தில்தான் அவருக்குப் பளிச்சிட்டது. மெல்லிய ஊசியால் நாடியைக் குத்து. ஊசியின் துளை வழியே வளையும் கம்பியை விடு. கம்பியை உள்ளே வைத்தபடி ஊசியை உருவு. கம்பியின் மேல் குழாயைக் கோத்து உள்ளே தள்ளு. கடைசியில் கம்பியை எடு. இவ்வளவுதான். துளை சிறியது, குழாய் பெரியது. கத்தி தேவைப்படவில்லை. 1953இல் 'அக்டா ரேடியோலொஜிக்கா' இதழில் இதை வெளியிட்டார்.

கலாநிதிப் பட்டத்துக்கு இது போதாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அவர் மனம் தளரவில்லை. வேறு தலைப்பில் ஆய்வு செய்து 1966இல் பட்டம் பெற்றார். அந்தத் தலைப்பு நமக்கு முக்கியம்: தோல் வழியே ஈரலுக்குள் ஊசி செலுத்திப் பித்தக்கானைப் படமெடுப்பது. அதற்குப் பின்னர் வருவோம். பட்டம் வாங்கிய செல்டிங்கர் தலைநகரில் தங்காமல் மோராவுக்கே திரும்பி, ஊர் வைத்தியசாலையின் கதிரியல் பிரிவை நடத்தினார். பட்டத்துக்குப் போதாது என்ற அந்த முறையால்தான் இன்று உலகெங்கும் இதயத்துக்கும் மூளைக்கும் வயிற்றுக்கும் குழாய்கள் போகின்றன. அவசர சிகிச்சைப் பிரிவில் கழுத்து நாளத்தில் குழாய் போடுவதும் அதே ஒழுங்கில்தான்.

அடுத்த அடியை வைத்தவரும் சுவீடன்காரரே. 1956இல் பேர் ஓட்மன், எக்ஸ்றேயில் தெரியக்கூடிய பொலித்தீன் குழாயைக் கொண்டு பெருநாடியின் கிளைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டினார். சூட்டில் இளகும் அந்தக் குழாயின் நுனியைத் தேவையான கோணத்தில் வளைத்து ஆறவிட்டால், உள்ளே போனதும் அந்த வளைவே கிளையின் வாயைத் தேடிக் கொளுவிக்கொள்ளும். வயிற்றின் மூன்று கிளைகளும் கதிரியலாளரின் கைக்கு வந்தன.

கசிவு கண்ணுக்குத் தெரிந்தது

வழி கிடைத்ததும் முதலில் எழுந்த கேள்வி: கசிவைப் படத்தில் பார்க்க ஏலுமா? பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சத்திரசிகிச்சை நிபுணர் நுஸ்பாமும் கதிரியலாளர் ஸ்டான்லி பாமும் இதற்கு விடை தேடினார்கள். நிமிடத்துக்கு அரை மில்லிலீற்றர் இரத்தம் கசிந்தாலே படத்தில் பிடிக்கலாம் என்று 1963இல் விலங்குகளில் நிரூபித்தார்கள். நாடிக்குள் செலுத்தும் சாயம் குடலுக்குள் ஒரு பொட்டாக விழுந்து தேங்கும். அந்தப் பொட்டு நிற்கும் இடம்தான் கசியும் இடம்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. வயிற்று இரத்தப்போக்கு ஒரே சீராக நடப்பதில்லை; வரும், நிற்கும், திரும்ப வரும். நின்ற நேரத்தில் படமெடுத்தால் ஒன்றும் தெரியாது. "படத்தில ஒண்டும் இல்ல எண்டாங்க, பின்னேரம் திரும்ப ரத்தம் போகுது" என்று உறவினர்கள் குழம்புவதற்குக் காரணம் இதுதான். டொக்டர் தவறவிட்டார் என்று உடனே முடிவுகட்டுவது நியாயமில்லை.

இடம் தெரிந்ததும் அதே குழாயால் மருந்து கொடுக்கலாம் என்று தோன்றியது. நாடியைச் சுருக்கும் வாசோபிரெசின் மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் குழாய் வழியே விட்டார்கள். பலருக்குக் கசிவு அடங்கியது. ஆனால் மருந்தை நிறுத்தியதும் சிலருக்குத் திரும்ப வந்தது. சுருக்குவது போதவில்லை. அடைக்க வேண்டும்.

அடைத்துக் காட்டியவர்கள்

இந்த இடத்தில் மூன்று பேர் கதைக்குள் வருகிறார்கள்.

ஒருவர் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் போர்ட்லன்ட் நகரத்துக் கதிரியலாளர் சார்ல்ஸ் டொட்டர். 1964 ஜனவரி 16ஆம் திகதி, கால் அழுகி வெட்ட வேண்டிய நிலையில் இருந்த 82 வயது மூதாட்டியின் தொடை நாடியைக் குழாயாலேயே விரித்துக் காலைக் காப்பாற்றியவர். கம்பி வேண்டுமென்றால் கிற்றார் தந்தியையும் வாகனத்தின் வேகமானிக் கேபிளையும் கூட எடுத்துப் பரீட்சிப்பவர்.

இரண்டாமவர் பில் குக். டொக்டர் அல்லர். 1963இல் இந்தியானாவில் தன் வீட்டின் ஓர் அறையில் கம்பியும் குழாயும் செய்யத் தொடங்கியவர். அந்த வருடம் சிக்காகோ கதிரியல் மாநாட்டில் ஒரு மேசை போட்டு, தீயூதியால் டெஃப்லோன் குழாயைச் சூடாக்கி நுனி பிடித்துக்கொண்டிருந்தார். டொட்டர் பேசாமல் நின்று பார்த்தார். தீயூதியையும் குழாயையும் இரவல் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை பத்துக் கதீட்டர்கள் செய்து கொண்டுவந்து குக்கின் மேசையில் வைத்தார். பொற்கொல்லர் பெர்னாருக்குப் பிறகு, செய்பவரும் பயன்படுத்துபவரும் ஒரே மேசையில் சந்தித்த அடுத்த பெரிய தருணம் அது.

மூன்றாமவர் யோசெஃப் றோஷ். பிராகைச் சேர்ந்தவர். 1963இல் செக்கோஸ்லாவாக்கியாவில் நடந்த மாநாட்டில் டொட்டரின் உரையைக் கேட்டவர். பின்னர் அமெரிக்கா சென்று டொட்டரோடு சேர்ந்தார். 1972இல் 'ரேடியோலஜி' இதழில் றோஷ், டொட்டர், பிரவுண் மூவரும் எழுதிய கட்டுரை ஒரு புது வைத்தியத்துக்கு அத்திவாரம் போட்டது. இரைப்பையில் இரத்தம் போய்க்கொண்டிருந்த ஒரு நோயாளியின் கசியும் நாடிக்கிளைக்குள் கதீட்டரை விட்டு, அந்த நோயாளியின் சொந்த இரத்தம் உறைந்த கட்டியையே செலுத்தி அடைத்தார்கள். கசிவு நின்றது.

இரத்தக்கட்டி சில நாட்களில் கரைந்துவிடும். நிலைத்து நிற்கும் பொருள் வேண்டியிருந்தது. 1975இல் சேசரே ஜியாந்துர்க்கோ சுருள் கம்பியைக் கொண்டுவந்தார். குழாய்க்குள் நேராகக் கிடந்து, வெளியே விழுந்ததும் சுருண்டுகொள்ளும் எஃகுக் கம்பி. அந்தக் கம்பியில் கம்பளி நூல்களைக் கட்டியிருந்தார். நூலைச் சுற்றித்தான் இரத்தம் உறையும். வெறும் கம்பி மட்டும் போதாது. இன்று எஃகுக்குப் பதில் பிளாட்டினம், கம்பளிக்குப் பதில் செயற்கை இழை. வேலை செய்யும் முறை மாறவில்லை.

அடைப்பதிலும் நுட்பம் இருக்கிறது. முன்சிறுகுடல் புண்ணில் பெரும்பாலும் கசிவது, இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் இடையே இறங்கும் ஒரு நாடி. அதற்கு மேலிருந்து ஈரல் பக்கத்து இரத்தம் வரும். கீழிருந்து குடல் பக்கத்து இரத்தமும் ஏறி வரும். நம்முடைய வயல்களில் உடைந்த வாய்க்காலுக்கு மேல் மடையை மட்டும் அடைத்தால் கீழிருந்து தண்ணீர் ஏறி வருவது போல, மேற்பக்கத்தை மட்டும் அடைத்தால் கசிவு தொடரும். அதனால் புண்ணுக்குக் கீழே முதலில் சுருளை வைத்து, பின்வாங்கி மேலே வைப்பார்கள்.

இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் பல வழிகளில் இரத்தம் வருவதால் ஒன்றை அடைத்தாலும் அவை தாங்கும். பெருங்குடல் அப்படியல்ல. 1970களில் அங்கே அடைத்தபோது சிலருக்குக் குடலின் அந்தப் பகுதியே இறந்துபோனது. பல இடங்களில் அதைக் கைவிட்டார்கள். குழாய்க்குள் குழாயாகப் போகும், ஒரு மில்லிமீற்றருக்கும் மெல்லிய நுண்கதீட்டர் வந்த பிறகுதான் கசியும் நுனிக்கிளையை மட்டும் தேடிப் பிடித்து அடைக்க முடிந்தது. கைவிட்ட வைத்தியத்தை மெல்லிய குழாய் மீட்டுக் கொண்டுவந்தது.

ஹனோயிலிருந்து பித்தம் வரை

நாடியை விட்டுப் பித்தக்கானுக்கு வருவோம். இந்தக் கதை ஐரோப்பாவில் தொடங்கவில்லை. 1937இல் வியட்நாமின் ஹனோயில் ஹுவாரும் டோ சுவான் ஹொப்பும் தோல் வழியே ஈரலுக்குள் ஊசியை விட்டு, பித்தக்கானில் சாயத்தைச் செலுத்திப் படமெடுத்தார்கள். அவர்களுடைய கட்டுரை இந்தோசீன மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. உலகம் அதைக் கவனிக்கவில்லை. ஊசி தடிப்பானது, பித்தமும் இரத்தமும் வயிற்றுக்குள் கசியும் பயமும் இருந்தது.

அந்தப் பயத்தைத் தணித்தது இன்னொரு ஆசிய நகரம். ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஒகுடா குழுவினர் 0.7 மில்லிமீற்றர் பருமனுள்ள, வளையக்கூடிய ஊசியைப் பயன்படுத்தினார்கள். 1974இல் அவர்களுடைய அனுபவம் வெளிவந்தது. 'சிபா ஊசி' என்ற பெயர் இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. அதே வருடம் அமெரிக்காவின் மோல்னாரும் ஸ்டொக்கமும் அந்த வழியே ஒரு கதீட்டரை வைத்து, தேங்கிய பித்தத்தை வடியவிட்டார்கள். கணையத்திலோ பித்தக்கானிலோ கட்டி அடைத்து, செங்கண்மாரியால் உடம்பு முழுக்க அரிப்பெடுத்துத் தூங்காமல் கிடப்பவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் கண்டவர்கள் அறிவார்கள். கட்டி போகாது. மஞ்சள் இறங்கும், அரிப்பு அடங்கும், அடுத்த சிகிச்சைக்கு உடம்பு தயாராகும்.

ஈரலுக்கு இரண்டு வழி

கடைசியாக ஈரல். ஈரலுக்கு இரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. நான்கில் மூன்று பங்கு குடலிலிருந்து வரும் வாயில்நாளத்தால், மிச்சம் நாடியால். ஆனால் ஈரலில் வளரும் புற்றுநோய்க் கட்டி தன் உணவைப் பெரும்பாலும் நாடியிலிருந்தே எடுக்கிறது. ஜப்பானின் ஒசாகாவில் ரியுசாகு யமாடா இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தினார். 1970களின் கடைசியில், நாடிக்குள் கதீட்டரை விட்டுப் புற்றுக்கான மருந்தையும் அடைக்கும் பொருளையும் சேர்த்துக் கட்டிக்கே அனுப்பினார். கட்டி பட்டினி கிடக்கும், ஈரல் வாயில்நாளத்தால் பிழைத்துக்கொள்ளும். 2002இல் பார்சலோனாவிலும் ஹொங்கொங்கிலும் நடந்த இரு ஆய்வுகள், தகுதியான நோயாளிகளின் ஆயுளை இது நீட்டுகிறது என்று காட்டின.

ஈரல் சுருங்கினால் வாயில்நாளத்தில் அழுத்தம் ஏறும். களத்தின் அடியில் நாளங்கள் புடைத்து வெடித்து இரத்த வாந்தி வரும். அதற்கும் றோஷ் ஒரு வழி கண்டிருந்தார். கழுத்து நாளத்தால் இறங்கி, ஈரலுக்குள்ளேயே இரண்டு நாளங்களுக்கிடையில் ஒரு பாதை வெட்டுவது. 1969இல் நாய்களில் செய்து காட்டினார். அந்தப் பாதை மூடிக்கொள்ளாமல் தாங்கும் உலோக வலை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1988இல் ஜேர்மனியின் ஃபிறைபேர்க்கில்தான் அந்த வலையோடு மனிதரில் செய்தார்கள்.

இலங்கையில் ஈரல் புற்றுக்கு நாடி வழியே மருந்து கொடுக்கும் சிகிச்சை, ராகமையிலுள்ள கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலையைச் சேர்ந்த ஈரல் நோய் நிலையத்தில் நடக்கிறது. அங்கிருந்து வந்த ஆய்வுகள் சொல்லும் செய்தி நம்முடைய கரையோர ஊர்களுக்கு நேரே பொருந்துகிறது. இந்நாட்டில் ஈரல் புற்றோடு வருபவர்களில் பெரும்பாலானோருக்கு வைரசு காரணமல்ல. கொழுப்பு படிந்து பழுதான ஈரலே முக்கிய காரணமாகத் தெரிகிறது. 2009இல் வெளியான ராகம ஆய்வில், 35 முதல் 64 வயது வரையானவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. "குடிக்காத மனிசனுக்கு ஈரல் எப்படிப் பழுதாகும்?" என்று கேட்கும் ஊர் நம்முடையது. சீனி வருத்தமும் வயிற்றுப் பருமனும் அந்த வேலையைச் செய்யும். மது தொடாதது மட்டும் ஈரலுக்குக் காப்புறுதி ஆகாது.

தீர்ப்பு

இருநூற்றுச் சொச்சம் வருடங்களின் இந்தக் கதையில் பேராசிரியர்களுக்கு உள்ள இடம் பொற்கொல்லருக்கும், நெய்தவருக்கும், வீட்டு அறையில் குழாய் செய்தவருக்கும் உண்டு. அதனால் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகும் நம்முடைய பிள்ளைகள் வைத்தியம் தங்களுக்கு எட்டாத துறை என்று நினைக்கத் தேவையில்லை. நாம் பயன்படுத்தும் கதீட்டர்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. 2022இன் நெருக்கடியில் மருந்துக்கும் உபகரணத்துக்கும் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். இழையும் பின்னலும் தெரிந்த நாட்டில் இதைச் செய்யத் தொடங்கினால் என்ன என்று பொறியியல் பீடங்கள் கேட்க வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வாந்தியில் இரத்தமோ, மலம் தார் போலக் கறுப்பாகவோ போனால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். கடையில் மாத்திரை வாங்கிப் போடவும் வேண்டாம். மூட்டு நோவுக்கென்று டொக்டரைக் கேளாமல் விழுங்கும் வலிநிவாரணிகளே பல புண்களுக்குக் காரணம். அந்த இரவிலேயே கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலைக்கோ போங்கள். இரத்தம் ஏற்றி உடம்பை நிலைப்படுத்துவதும், வாய்வழிக் கமராவால் பார்த்துப் புண்ணை அடக்குவதும்தான் முதல் படி. பெரும்பாலானோருக்கு அதுவே போதும். அடங்காதவர்களுக்குத்தான் இந்தக் குழாய். முதல் படிக்கு நேரத்தோடு போனவருக்கே இரண்டாம் படி பயன்படும்.

அடுத்த வாரம்: மூளை நாடிக்குள் கம்பி போன கதை.